வாசிக்காமல் விட்ட பெயர்

கருணைவிளை மிஷன் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு என்றால் எப்சிபாய் டீச்சர்தான். முப்பத்தாறு வருஷம் அதே வகுப்பு, அதே அறை. மூக்குச்சளி துடைத்து, நிக்கருக்குப் பொத்தான் மாட்டி, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கரும்பலகையில் ‘அ’ போடுவார். பெரிய வகுப்பு வாத்தியார்கள் இதையெல்லாம் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. டீச்சர் அதைப் பொருட்படுத்தியதும் இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் கோவிலில் திருவிருந்து; அப்பமும் திராட்சரசமும் வாங்கும் கர்த்தருடைய பந்தி. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும் நேரே கோவிலுக்கு வருவார். பந்தி மேசையின் வெள்ளை விரிப்பை எடுத்துப்போய்த் துவைத்து, கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்துச் சனிக்கிழமை கொண்டுவந்து விரிப்பார். சுருக்கம் ஒன்று இருந்தாலும் திரும்ப எடுத்துப் போய்விடுவார். திடப்படுத்தலுக்கு, அதாவது முதல்முறை பந்தியில் சேர்வதற்கு, பிள்ளைகளை ஆயத்தம் செய்வதும் அவரே. வருஷத்துக்குப் பத்துப் பேர், பன்னிரண்டு பேர். அப்பம் வாங்கக் கையை எப்படிக் குவிக்க வேண்டும் என்று என் மூன்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

அப்படிப்பட்டவர் முப்பத்துநான்கு வருஷம் அந்த அப்பத்தைத் தொடவில்லை. தொடவிடாமல் வைத்தவன் நான். மூடி மறைக்க எனக்கு வயதும் இல்லை, மனமும் இல்லை. என் பெயர் ஆசீர்வாதம். அந்த நாளில் சபைக் கமிட்டிச் செயலாளர்.

டீச்சருக்குத் தாய் தகப்பன் இல்லை. பதினைந்து வயது இளையவளான தங்கை சுகிர்தத்தை அவரே வளர்த்தார். அதற்காகவே தாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுகிர்தம் தூத்துக்குடியில் தபாலாபீஸ் வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை பார்த்த ஓர் இந்துப் பையனை விரும்பினாள். கல்யாணம் அவர்கள் முறைப்படி மண்டபத்தில் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் போகவில்லை. டீச்சர் போனார். தங்கையின் பக்கத்தில் நின்றார். புரோகிதர் எல்லோரிடமும் நீட்டிய தாலித் தட்டை அவரும் தொட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்த யாரோ ஊருக்கு வந்து சொல்லிவிட்டார்கள்.

கமிட்டி கூடியது. அப்போதிருந்த குருவானவர் வயதானவர், கண்டிப்பானவர். ஆனால் கெட்டவர் அல்ல.

“ஏன் போனீங்க டீச்சர்?” என்றார்.

“அவளுக்கு என்ன விட்டா ஆள் இல்ல ஐயா.”

“தப்புன்னு தெரியுமா?”

“தெரியும் ஐயா. தெரிஞ்சுதான் போனேன்.”

வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத பிறவி. ஆறு மாதம் பந்தியிலிருந்து தள்ளி வைப்பதாகத் தீர்மானம் போட்டோம். ஒன்பது கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது.

தள்ளி வைக்கப்பட்டவரைத் திரும்பச் சேர்ப்பதற்கு எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தவணை முடிந்ததும் செயலாளர் கமிட்டிக்கு நினைவூட்டி, தீர்மானம் எழுதி, குருவானவர் கையில் கொடுக்க வேண்டும். திருவிருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் ஆயத்த ஆராதனையில் அவர் அந்தப் பெயரை வாசிப்பார். பெயருக்குரியவர் எழுந்து நிற்பார். மறுநாள் எல்லோரோடும் பந்திக்கு வருவார். தானாகப் போய் ‘என் பெயரை வாசியுங்கள்’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் மனம் திரும்பவில்லை என்று அர்த்தம் பண்ணிவிடுவோம். அவ்வளவு நேர்த்தியான வழக்கம்!

ஐந்தாம் மாதம் குருவானவருக்கு மாறுதல் வந்தது. வழியனுப்பு விழா, புதியவருக்கு வரவேற்பு விழா. அதோடு கோவில் கோபுரத்தை இரண்டு அடுக்காகக் கட்டுவதா, மூன்று அடுக்காகக் கட்டுவதா என்று சபை இரண்டுபட்டுக் கிடந்தது. நான் மூன்றடுக்குக் கட்சி. அதற்காக வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். டீச்சர் வீட்டிலும் வாங்கினேன். மணிமணியாகக் கையெழுத்துப் போட்டுத் தந்து, குடிக்க மோரும் கொடுத்தார். அப்போதுகூட எனக்கு நினைவு வரவில்லை. எழுத வேண்டிய தீர்மானத்தை நான் எழுதவே இல்லை.

ஆறு மாதம் ஒரு வருஷமானது. அடுத்து வந்த குருவானவர், பந்தி நேரத்தில் கடைசி வரிசையில் முழங்காலிலேயே இருந்த அம்மாளைப் பார்த்துவிட்டு என்னிடம் விசாரித்தார். “அவ்வொ எடுக்கமாட்டாவ ஐயா. பழைய கதை. மனசுல ஒரு வைராக்கியம்” என்றேன். தெரிந்தவன் மாதிரிச் சொன்னேன். தண்டனை எப்போதோ முடிந்துவிட்டதென்றும், அவர்தான் வீம்புக்கு விலகி நிற்கிறார் என்றும் நான் உண்மையாகவே நம்பினேன். அவருக்குப் பின் வந்தவரிடமும் இதே பதில். பிறகு நான் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை; சபையே சொல்லிக்கொண்டது.

“ஒரு தடவ தள்ளி வச்சதுக்கு இம்புட்டு ரோசமா? தலக்கனம் புடிச்சவ” என்று பெண்கள் பக்கத்தில் அன்னத்தாய் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வாள். டீச்சர் காதிலும் விழுந்திருக்கும். மறுநாள் அன்னத்தாயின் பேத்திக்கு வழக்கம்போலத் தலை சீவிப் பின்னிவிட்டுத்தான் பாடம் தொடங்குவார்.

அதற்கிடையில் அவரிடம் சில மாறுதல்களைக் கண்டோம். ஒருநாள் வகுப்பிலிருந்த பிரம்பை ஒடித்து அடுப்பில் வைத்துவிட்டார். ‘இனிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்’ என்று சிரித்தோம். இன்னொரு நாள், வேலித் தகராறில் பத்து வருஷமாகப் பேசாதிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் தாமே போய் மன்னிப்புக் கேட்டார். தகராறில் நியாயம் டீச்சர் பக்கம்தான் இருந்தது. காதில் கிடந்த கம்மலைக் கழற்றினார். காப்பியை விட்டார். சபைக்குச் சந்தோஷம். எப்பேர்ப்பட்ட தெய்வபக்தி என்று பிரசங்கத்திலேயே ஒருவர் உதாரணம் காட்டினார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

சுகிர்தம் இரண்டாம் பிரசவத்தில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து டீச்சர் ஊர் திரும்பியது ஒரு சனிக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக்கூட வீட்டில் வைக்காமல் ஆயத்த ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பந்தியில் பங்கெடுக்காதவருக்கு ஆயத்த ஆராதனையில் என்ன வேலை? எத்தனையோ வருஷம் ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தாரே, இந்தக் கேள்வி எங்களில் ஒருவனுக்குத் தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை.

எழுபத்தைந்தாம் வயதில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரியும்.

அந்த வருஷம் தவராஜ் என்ற இளம் குருவானவர் புதிதாக வந்திருந்தார். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுப்பதற்காக ஒரு புதன்கிழமை காலையில் புறப்பட்டார். ஊர் தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். நான்காவது வீடு டீச்சருடையது. அவர் எடுக்கமாட்டார் என்று வாசலிலேயே சொன்னேன். “கேட்டுப் பாப்போமே” என்று உள்ளே போனார்.

கட்டில் அருகே உட்கார்ந்து, “டீச்சர், திருவிருந்து கொண்டுவந்திருக்கேன். தரட்டுமா?” என்றார்.

டீச்சர் அவர் கையிலிருந்த அப்பக் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, “எம் பேரு இன்னும் வாசிக்கலியே ஐயா” என்றார்.

குருவானவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

“என்ன பேரு டீச்சர்? எங்க வாசிக்கணும்?”

“ஆயத்த ஆராதனைல. ஆறு மாசம்னாவ. ஆறாம் மாசம் வாசிக்கல. எங்கிட்ட இன்னும் என்னமோ கொறை இருக்கு, அதான் கமிட்டி சேக்கலன்னு நெனச்சேன். பிள்ளைகள அடிக்கேன், அதுவா இருக்கும்னு பிரம்ப விட்டேன். அடுத்த மாசமும் வாசிக்கல. பக்கத்து வீட்டோட சண்ட, அதுவோன்னு பாத்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஒவ்வொண்ணா விட்டுப் பாத்துட்டேன் ஐயா. இன்னும் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.”

குருவானவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நடந்ததை அங்கேயே சொன்னேன். என் மறதியைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. என் மறதிக்குப் பலியாகித் தம்மைத் தாமே தோண்டிக்கொண்டிருந்த அந்தப் புண்ணியவதியை நாங்கள் பக்திக்கு உதாரணமாகக் காட்டினோம். வெட்கம்!

டீச்சர் என்மேல் கோபப்படவில்லை. “அப்போ கொறை ஒண்ணும் இல்லியா?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். வழக்கப்படி பெயர் வாசிக்கப்பட்ட பிறகே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அன்றும் அப்பத்தைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. பிரசங்கம் முடிந்ததும் குருவானவர் தவராஜ் பீடத்தின் முன் வந்து நின்று, ஒளிவு மறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். “இன்னைக்குக் கர்த்தருடைய பந்தி இங்க இல்ல. அவர் தம்ம அடியாள் வீட்டுக்குப் போறாரு. வாறவங்க வாங்க” என்றார். அப்பத்தட்டையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். சபை முழுவதும் பின்னால் போயிற்று. மூன்றடுக்குக் கோபுரத்தின் கீழ் ஒருவரும் இல்லை.

டீச்சர் வீடு சின்னது. ஜனம் முற்றத்திலும் தெருவிலும் முழங்காலிட்டது. குருவானவர் தெரு முனைவரை கேட்கும்படி வாசித்தார்: “எப்சிபாய், சுவிசேஷமுத்து மகள், கர்த்தருடைய பந்திக்கு வரலாம்.”

பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து நிற்க வேண்டுமே. டீச்சர் எழப் பார்த்தார்; முடியவில்லை. அன்னத்தாய் ஓடிப்போய் ஒரு பக்கம் தாங்கினாள். அவளுக்கும் எண்பது வயது. தேம்பித் தேம்பி அழுதுகொண்டே தாங்கினாள். நின்றபடியே, இடது கையால் டீச்சர் அப்பத்தை வாங்கினார். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

அடுத்து என் முறை வந்தது. நான் கையை நீட்டவில்லை. “எனக்குத் தகுதி இல்ல ஐயா” என்றேன்.

கட்டிலிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. “அண்ணாச்சி, நானும் இப்படித்தான் நெனச்சு நெனச்சு முப்பத்திநாலு வருசத்த விட்டுட்டேன். நீங்களும் விட்டுராதீய. கைய நீட்டுங்க.”

நீட்டினேன்.

அதன் பிறகு இரண்டு முறை மட்டுமே அவருக்குத் திருவிருந்து கிடைத்தது. மூன்றாவதற்குள் ஆண்டவர் தம்மண்டை அழைத்துக்கொண்டார். நாங்கள் அவரிடமிருந்து பறித்தவை நானூறு பந்திகளுக்கு மேல். அவற்றைத் திருப்பித் தர இந்தச் சபையில் எவராலும் ஆகாது. குற்றமே இல்லாத இடத்தில் குற்றம் தேடித் தேடித் தம்மைப் புடமிட்டுக்கொண்ட அந்த அம்மையாரை வணங்குகிறேன். எங்களைக் கர்த்தர் மன்னிப்பாராக. டீச்சர் எப்போதோ மன்னித்துவிட்டார்.