மண்சரிவில் அழைத்த பெயர்கள்

"எல்லாரையும் எடுத்துக்கிட்டவன் என்னை மட்டும் ஏன் விட்டான், தாயி?"

மாசாணம் இதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தான்.

தாயி அவனைவிட இருபது வயது இளையவள். மலைமேல், கைவிடப்பட்ட ஏலக்காய்க் கொட்டகை ஒன்றில் துறவியாகத் தனியே இருந்தாள். அவளிடம் வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மாசாணம் விறகு வெட்டினான், தண்ணீர் எடுத்தான், வாசல் கூட்டினான். கும்பிட மட்டும் மாட்டான்.

போன ஐப்பசி மழையில் மகளுக்குக் காய்ச்சல். மருந்து வாங்க எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது மலை சரிந்து, தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருந்த இடத்தில் வெறும் செம்மண். மனைவி, மகள், தம்பி, அக்கம்பக்கம், ஒருவரும் மிஞ்சவில்லை. தோண்டிப் பார்த்தவர்கள் பாதியிலேயே மண்வெட்டியைப் போட்டுவிட்டார்கள்.

"பதில் சொல்லுங்க தாயி. இப்படிப்பட்ட சாமியையா நான் கும்பிடணும்?"

"அவங்ககிட்டயே கேளுங்கண்ணே."

"யாருகிட்ட?"

"அந்த மண்ணுக்குள்ள இருக்கறவங்ககிட்ட. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கடைசியா உங்க பேரையும் ஒருதரம் சொல்லுங்க."

"எதுக்கு?"

தாயி அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

அவன் லைன் வீடுகள் புதைந்த பள்ளத்துக்கு இறங்கினான். விடிந்து வெகுநேரம் ஆகியும் பள்ளத்தில் பனி கலையவில்லை. மரமொன்று தலைகீழாக நின்றது, வேர்கள் வானத்தைப் பார்த்து. பறவைச் சத்தம் இல்லை. காலில் ஓர் அட்டைகூட ஏறவில்லை.

"பேச்சி" என்று மனைவியைக் கூப்பிட்டான்.

பேச்சி, என்றது பள்ளம்.

எதிரொலிதான் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் அது எதிர்மலையிலிருந்து வரவில்லை. காலடியிலிருந்து வந்தது.

"இசக்கி" என்று தம்பியைக் கூப்பிட்டான்.

இசக்கி.

மகள் பெயர் பாதிதான் வந்தது. "பூங்..." என்றான்.

பூங்கனி, என்றது பள்ளம். அவன் சொல்லி முடிக்கவே இல்லை.

ஓடத் தோன்றியது. ஓடவில்லை. பக்கத்து வீட்டார் பெயர்களைக் கூப்பிட்டான். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிறகு அவன் கூப்பிடாத ஒரு பெயரும் வந்தது. கோயில்பிள்ளை. கடைசி வீட்டில் தனியாகக் கிடந்த கிழவர். அவரை அவன் அடியோடு மறந்துபோயிருந்தான்.

இனி ஒன்றுதான் பாக்கி. அவனுக்குப் பயம் போய், ஆசை வந்துவிட்டது. மண்டியிட்டு, செம்மண்ணில் வாய் படுகிற அளவுக்குக் குனிந்தான்.

"மாசாணம்."

சத்தம் இல்லை.

"மாசாணம்" என்று கத்தினான். "மாசாணம். நானும் இங்கதான் இருந்தேன். என்னையும் சொல்லுங்க."

பள்ளம் வாய் திறக்கவில்லை. பனி மட்டும் மெல்ல அவன் தோளைத் தாண்டிப் போனது.

வெகுநேரம் காது கொடுத்துக் கிடந்தான். பிறகு எழுந்து, முட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் மலையேறினான். அழுதுகொண்டே ஏறினான்.

தாயி கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்றான்.

"எல்லாரையும் சொல்லுது தாயி. அந்தக் கோயில்பிள்ளைக் கிழவரைக்கூடச் சொல்லுது. என் பேரை மட்டும் சொல்ல மாட்டேங்குது. அவங்களுக்கும் நான் வேண்டாதவனாப் போயிட்டேன்."

தாயி அகப்பையை வைத்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை. இத்தனை நாளில் ஒருமுறைகூட அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"மாசாணம்" என்றாள்.

"இந்தா இருக்கேன், தாயி."

சொன்ன வாய் சொன்னபடியே நின்றது. பள்ளம் சொன்னதெல்லாம் மண்ணுக்குள் இருப்பவர்களின் பெயர்; அவன் இங்கே இருந்தான்.

தாயி கஞ்சியை இறக்கி வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது அவன் வாசல் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டுக் கிடந்தான், தலைக்குமேல் இரண்டு கையும் குவித்து.