பூசணிப்பாக்கத்து மார்பு பெல்ட்

பூசணிப்பாக்கத்துக்காரர்களைப் பற்றி வெளியூரில் நீங்கள் என்ன கேள்விப்பட்டிருந்தாலும் அது உண்மைதான். நாங்கள் மறுப்பதில்லை. எப்படி மறுப்பது என்று ஒருமுறை கூட்டம் போட்டோம். எதற்குக் கூட்டம் என்பது பாதியில் மறந்துபோய், சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம்.

இந்த ஊரில் நான்கு பேருக்குத் தனி மரியாதை உண்டு. வருஷத்துக்கு ஒருநாள் தேர் ஓடும்போது, சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை போட்டு அதை நிறுத்துகிறவர்கள் அவர்கள். மூத்தவர் முனிரத்தினம், நால்வருக்கும் சேர்த்து யோசிப்பவர். தனகோட்டிக்கு விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம் போல இருக்கும். எத்திராஜுக்கு எதிலும் சந்தேகம். நான்காமவர் ஏகாம்பரம், காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு ஒல்லி. மீதி நாளெல்லாம் தேர் அசையாமல் நிற்பதும் தங்கள் திறமைதான் என்று நால்வரும் மனதார நம்பினார்கள்.

ஏகாம்பரம் பூந்தி என்றொரு நாய் வளர்த்தார். கோழியைக் கண்டால் இழுக்கும், சைக்கிளைக் கண்டால் இழுக்கும், ஒன்றையும் காணாவிட்டால் ஏன் காணோம் என்று இழுக்கும். இழுத்த இழுப்பில் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஓடிவிடும். போன வாரம் ஒரு பஸ் சக்கரத்திலிருந்து மயிரிழையில் தப்பியது. அன்றைக்கு ஏகாம்பரம் ரோட்டோரம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

அவர் மனைவி வேதவல்லி அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை பூந்திக்கு ஊசி போடணும். மாட்டாஸ்பத்திரி பஸ் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்குது. கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவை அவுத்துக்கிட்டு ரோட்டுல ஓடினா, மறுநாளே எங்க அண்ணன் மாந்தோப்புதான். அங்க சங்கிலி இருக்குது."

பூந்தி இல்லாத வீட்டை நினைத்ததும் ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. நால்வரும் டவுனிலிருக்கும் தீவனக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். "கழுத்துப் பட்டை வேணாம், மார்பு பெல்ட்தான் சரி. முன்னங்காலுக்குப் பின்னாடி மார்பைச் சுத்தி நூல் பிடிச்சு அளவு கொண்டாங்க. பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். ரோட்டுல இறங்கறதுக்கு முன்னாடி வீட்டுலயே போட்டு இழுத்துப் பாருங்க. உருவிக்கிட்டு வரக்கூடாது."

"யார் விரல்?" என்று கேட்டார் எத்திராஜ்.

"யார் விரலா இருந்தா என்னங்க."

அப்படியானால் ஊரிலேயே நல்ல விரலாக இருக்கட்டும் என்று தனகோட்டியை நியமித்தார்கள்.

அளவெடுக்கும் வேலை வேப்பமரத்தடியில் நடந்தது. எத்திராஜ் நூலின் ஒரு முனையைப் பிடிக்க, முனிரத்தினம் மறுமுனையோடு நாயைச் சுற்றினார். நாய் முனிரத்தினத்தைச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் நான்கு பேரும் நாயும் மரமும் ஒரே கட்டாக நின்றார்கள்.

"அசையாதீங்கப்பா, இப்பதான் நூல் இறுக்கமா இருக்குது" என்று சொல்லி, முனிரத்தினம் அந்த இடத்தில் முடிச்சுப் போட்டார். வேதவல்லி அம்மாள் வந்து அவிழ்த்துவிட்டார்.

மறுநாள் கடைக்காரர் நூலை விரித்தார். நூல் கல்லாவைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பக்கத்து டீக்கடை வரைக்கும் போனது.

"இது நாயோட அளவுதானுங்களா?"

"நாயும் இருக்குது" என்றார் ஏகாம்பரம். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

கடைக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரிய பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை சாயந்திரம் வெள்ளோட்டம். பெல்ட்டைப் பூந்திக்கு மாட்டி, தனகோட்டி இரண்டு விரலை உள்ளே நுழைத்தார். நுழைத்தவர் எடுக்கவில்லை. நுழையணும் என்றுதான் கடைக்காரர் சொன்னார், எடுக்கலாம் என்று சொல்லவில்லையே. எத்திராஜ் கயிற்றைப் பிடித்து மூச்சைக் கட்டி இழுத்தார். அந்த நேரம் ஒரு கோழி குறுக்கே போனது. பூந்தி நிதானமாகப் பெல்ட்டை விட்டு வெளியே நடந்துபோய், கோழியை விரட்டிவிட்டு வந்து, ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. எத்திராஜ் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"உருவிக்கல" என்றார் அவர் திருப்தியோடு. "விரல் அப்படியே இருக்குது."

"நாய் வெளியில இருக்குதே அண்ணே" என்றார் ஏகாம்பரம். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. என் பூந்தியைச் சங்கிலியில போட்டுடுவாங்க."

முனிரத்தினம் கண்ணை மூடினார். முட்டுக்கட்டைப் பரம்பரையின் அறிவு முழுவதும் அவர் நெற்றியில் திரண்டது.

"இழுக்கறது யாரு?" என்று கேட்டார்.

"பூந்தி."

"இழுபடறது?"

"நான்தான் அண்ணே."

"திருவிழாவுல வடத்தை எதுல கட்டுறோம்? இழுக்கற ஜனங்க மார்புலயா கட்டுறோம்?"

நால்வருக்கும் உடம்பு சிலிர்த்தது.

"தேர்ல கட்டுறோம்" என்றார் எத்திராஜ் மெதுவாக. "ஆனா ஜனங்க வடத்தைக் கையில பிடிப்பாங்க. இதுக்குக் கை இல்லையே."

"வாய் இருக்குதில்ல?"

இவ்வளவு காலம் தேராக இருந்தும் அது தெரியாமல் தெருத்தெருவாக அலைந்தோமே என்று ஏகாம்பரத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெல்ட்டை வாங்கித் தன் மார்பில் மாட்டிக்கொண்டார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. தனகோட்டியின் இரண்டு விரல் நுழைந்தது. எத்திராஜ் இழுத்துப் பார்த்தார், உருவிக்கொண்டு வரவில்லை. கடைக்காரர் சொன்ன எதிலும் ஒரு குறை இல்லை. பூந்தி கயிற்றின் மறுமுனையைக் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியது.

வெள்ளிக்கிழமை காலை புறப்பாடு. முன்னால் முனிரத்தினம் பச்சைத் துண்டை வீசிக்கொண்டு போனார். பின்னால் பூந்தி இழுக்க, ஏகாம்பரம் ஆடி அசைந்து வந்தார். இரண்டு பக்கமும் தனகோட்டியும் எத்திராஜும் தேருக்குப் போடும் அதே கட்டைகளோடு நடந்தார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் அவர் காலடியில் கட்டை விழுந்தது. பஸ் ரோட்டில் டிரைவர் வண்டியை நிறுத்தி வழிவிட்டார். ஜன்னலோரம் இருந்த ஒரு வெளியூர் அம்மாள், என்ன சாமி என்று தெரியாவிட்டாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அட்டை எழுதுகிறவர் தலையை நிமிர்த்தவில்லை. "உரிமையாளர் பேரு?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கயிறு யார்கிட்ட இருக்குதோ அவங்க பேரைச் சொல்லுங்கப்பா."

"பூந்தி" என்றார் தனகோட்டி.

"பிராணி பேரு?"

"ஏகாம்பரம்" என்றார் ஏகாம்பரம் அடக்கமாக.

டாக்டர் வெளியூர்க்காரர். அதனால் ஊசி சரியான ஆளுக்கே விழுந்தது.

திரும்பும்போதுதான் வினை வந்தது. ரோட்டுக்கு நடுவில் ஒரு கோழி. பூந்தி குரைக்க வாயைத் திறந்தது, கயிறு விழுந்தது, நாய் பறந்தது. ஏகாம்பரம் பெல்ட்டும் கயிறுமாக "பூந்தி, பூந்தி" என்று அலறிக்கொண்டு ரோட்டில் ஓடினார்.

இழுக்க ஆளில்லாமல் தேர் தானாக ஓடுவதை முனிரத்தினம் தன் ஆயுசில் பார்த்ததில்லை. "கட்டை போடு" என்று கத்தினார்.

தனகோட்டி போட்டார். நாற்பது வருஷப் பழக்கம், குறி தப்பவில்லை. ஏகாம்பரம் நடு ரோட்டில் குப்புற விழுந்தார். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. விழுந்த சத்தத்தில் பூந்தி கோழியை மறந்து ஓடிவந்தது. அவர் முகத்தை நக்கியது. பிறகு கயிற்றைக் கவ்வி, அவரை ஓரத்துக்கு இழுத்து, எழுந்திருக்க வைத்து, வழியில் எந்தக் கோழியையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

வேதவல்லி அம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"அவுத்துக்கிட்டு ரோட்டுல ஓடினது யாரு?"

மூன்று பேரும் ஏகாம்பரத்தைக் காட்டினார்கள்.

"நான்தான்" என்றார் அவர், சிராய்த்த முட்டியைத் தடவியபடி.

"சொன்னா சொன்னதுதான். துணிமணி எடுத்துக்குங்க. நாளைக்குக் காலையில மாந்தோப்பு."

ஏகாம்பரம், பூந்தி வீட்டில் இருக்குமே, அது போதும் என்று தேற்றிக்கொண்டு, இரண்டு வேட்டியை மடிக்கப் போனார்.

எத்திராஜுக்குச் சந்தேகம் வந்தது. "உரிமையாளரைக் கேக்காம அனுப்பலாமா, அண்ணி?" என்று அட்டையை நீட்டினார்.

வேதவல்லி அம்மாள் அட்டையை இரண்டு தடவை படித்தார். அவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். பூந்தியைப் பார்த்தார். பூந்தி கயிற்றைக் கீழே போடவே இல்லை.

"விடமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனார்.

அடுத்த வாரம் தீவனக் கடையில் ஏகாம்பரம் பிஸ்கெட் வாங்க நின்றார். வாசலில் பூந்தி கயிற்றைக் கவ்விக்கொண்டு காத்திருந்தது. கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார். "பெல்ட் எப்படிங்க, சரியா இருக்குதா? இன்னும் இழுக்குதா?"

ஏகாம்பரம் சட்டைப் பொத்தானைக் கழற்றி, உள்ளே இரண்டு விரலை நுழைத்துக் காட்டினார்.

"கச்சிதமா இருக்குதுங்க. நான் இப்பல்லாம் அவ்வளவா இழுக்கறதில்லை."