உரியவர் நேரில் வரவேண்டும்

பிறர் சூடாத எருக்கைச் சூடி, பிறர் அஞ்சி விலகும் காட்டைத் தன் அரங்கமாகக் கொண்டு, எரிந்து முடிந்தவற்றின் சாம்பலைத் திருமேனி எங்கும் அணிந்த பெருமானை முதலில் தொழுவோம். அவன் திருமுன்னர்க் கழிவு என்று ஒன்றில்லை. அவன் திருவடி நிழலில் நின்று இதைச் சொல்லத் தொடங்குகிறோம்.

வெள்ளாங்கரை நகர்மன்றத்தின் தலைவர் ஆவுடையப்பர். ஊருக்கு மேற்கே ஒரு சாலை உண்டு. அதற்கு ஒருபுறம் சுடுகாடு, மறுபுறம் குப்பைக் கிடங்கு. அச்சாலையில் இருந்த சிறுமடத்தில் அம்பலத் தம்பிரானிடம் அவர் தீட்சை பெற்றிருந்தார். தம்பிரான் வயதில் இளையவர். தலைவருக்கு மகனாக இருக்கத் தக்கவர். ஆயினும் அவர் எதிரே அமரும்போது தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் அமர்வார்.

ஒரு நாள் பிற்பகலில் அவர் மடத்துக்கு வந்தபோது கையில் ஒரு பெரிய பூட்டு இருந்தது.

"கோயிலுக்கு உபயமா?" என்றார் தம்பிரான்.

"இசக்கியம்மாளின் பழைய சாமான் கடைக்கு, சாமி. இன்று அதை மூடி முத்திரை வைக்கவேண்டும். அதற்கு முன் ஒரு கேள்வி."

"கேளும்."

"உரியவர் போய்விட்டால் அவருடைய பொருள் யாருடையது?"

தம்பிரான் பூட்டைப் பார்த்தார். "கேட்பது பூட்டா, நீரா?"

தலைவர் நடந்ததைச் சொன்னார்.

நடந்தது இது. நகர்மன்றம் அவ்வாண்டு இரண்டு முடிவுகளை எடுத்திருந்தது. கிடங்கின் வாயிலில் எடைமேடை வைத்து, கொட்ட வருவோரிடம் எடைக்கேற்பக் கட்டணம் வாங்குவது முதலாவது. பழைய சாமான் கடைகளில் எந்தப் பொருளையும், அதற்கு உரியவர் நேரில் வந்து, பொருளின் முன் நின்று, 'விட்டேன்' என்று தம் வாயால் சொன்ன பிறகே விற்கலாம் என்பது இரண்டாவது. களவுப் பொருள் கைமாறாதிருக்கவே இது என்றார்கள். இரண்டையும் முன்மொழிந்தவர் ஆவுடையப்பர்.

"எறியும் முன் கை கொஞ்சம் தயங்கட்டும்" என்று அவர் மன்றத்தில் பேசினார். எவரும் மறுக்கவில்லை. அவர் மகள் வடிவு இறந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. பிறந்தது முதல் நடவாத பெண். தெருவைச் சன்னல் வழியே கண்டவள். அவள் போன பிறகு, யாராவது ஒரு பொருளைத் தூக்கி எறியக் கண்டால் தலைவருக்குப் பொறுப்பதில்லை. அவளுடைய சக்கர நாற்காலி அவர் வீட்டுக் கூடத்தில், அவள் கடைசியாக இருந்த இடத்திலேயே இருந்தது. அதை யாரும் நகர்த்தலாகாது.

இறந்தவர் கிடந்த கட்டிலையும் பாயையும், அவர் புழங்கிய சில பொருள்களையும், காரியம் முடிந்ததும் கிடங்கில் கொண்டுபோய் எறிவது வெள்ளாங்கரை வழக்கம். கட்டணம் வந்த பிறகு மக்கள் அவற்றை இசக்கியம்மாள் கடை வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் போனார்கள். விதிப்படி அவற்றை விற்க வழியில்லை. ஆனால் அவள் விற்றாள்.

"யார் வந்து 'விட்டேன்' என்று சொன்னார்கள் என்று சுகாதார ஆய்வாளர் கேட்டிருக்கிறார். உரியவர்கள்தான் வந்தார்கள் என்றாளாம். செத்தவர்கள் எப்படியம்மா வருவார்கள் என்றாராம். நடந்துதான் என்றாளாம்."

தம்பிரான் நகைக்கவில்லை. "மன்றத்தில் இதைச் சொன்னபோது?"

"எல்லோரும் சிரித்தார்கள், சாமி."

"நீர்?"

"எனக்குச் சிரிப்பு வரவில்லை."

தம்பிரான் எழுந்தார். "வாரும். விளக்கு வைக்குமுன் போய்ச் சேர்வோம்."

சாலையில் இருவரும் நடந்தார்கள். இடப்புறம் கிடங்கு புகைந்துகொண்டிருந்தது. வலப்புறத்துப் புகை அதனோடு சாலைக்கு மேலே கலந்தது. எது எங்கிருந்து வந்த புகை என்று பிரித்தறிய இயலவில்லை. காக்கைகள் கிடங்கின் மேல் வட்டமிட்டன. ஒன்றும் கீழே இறங்கவில்லை.

"இந்த நாற்றத்தில் எப்படி இருக்கிறீர்கள், சாமி?"

"நீர் மன்றத்தில் இருக்கிறீரே, அதுபோலத்தான்."

முன்பு நெல் அடைத்த கிட்டங்கி ஒன்றில் இசக்கியம்மாள் கடை வைத்திருந்தாள். சாலையை நோக்கி ஒரு வாசல். பின்னால், சுடுகாட்டை நோக்கி ஒரு வாசல். இடையே கட்டில்கள், அண்டாக்கள், ஊன்றுகோல்கள், தையல் இயந்திரங்கள், கண்ணாடி போன பீரோக்கள். கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தும் எதிலும் தூசி இல்லை.

"வாங்க சாமி. தலைவரய்யாவும் வாங்க" என்றாள் அவள். "பூட்டு புதுசா? நல்ல கனமாத்தான் இருக்கு. பழசாச்சுன்னா நம்ம கடைக்கே குடுத்திருங்க. ஆனா நீங்களே நேர்ல வரணும், ஆமா."

"இசக்கியம்மா, விளையாட்டு வேண்டாம். நீ பொய் சொல்வதாகப் புகார் வந்திருக்கிறது."

"நான் என்னய்யா பொய் சொன்னேன்? நீங்க சட்டம் போட்டிய. அது அவுக காதுலயும் விழுந்திருக்கு. உசுரோட இருக்கவுகள நேர்ல வாங்கன்னு கூப்பிட்டா ஆயிரம் சோலி சொல்லுதாக. இவுக அப்படி இல்ல. ஒழுங்கா வாராக, சொல்லுதாக, போறாக. பேரம் பேசுறதும் இல்ல."

"எப்போது வருவார்கள்?"

"விளக்குப் பொருத்துற நேரம். உக்காருங்க. அந்தக் கட்டில்ல வேண்டாம்யா, அதுக்கு ஆளு இருக்கு."

தலைவர் பாதி அமர்ந்தவர் எழுந்துகொண்டார். தம்பிரான் ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் அமர்ந்து கண்களை மூடினார்.

அவள் விளக்கேற்றினாள். வாசலில் படுத்திருந்த கடைநாய் எழுந்தது, குரைக்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கி, சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டது.

முதலில் ஒரு முதியவர் வந்தார். தலைவர் அவரை அறிவார். சங்கரலிங்கம் பிள்ளை. அவருக்கு மாலை சாத்தி, பாடையின் பின்னால் நடந்து, கொள்ளி வைக்கும்வரை நின்று வந்தவர் தலைவர். பிள்ளை எவரையும் பார்க்கவில்லை. நேரே அந்தக் கட்டிலிடம் சென்றார். நெடுநாள் ஒருவரே கிடந்த கட்டில். கயிற்றில் ஓர் உடலின் வடிவாகப் பள்ளம் விழுந்திருந்தது. அதன் சட்டத்தில் கைவைத்து, மறந்த பெயர் ஒன்றை நினைவுகூர்பவர் போல நின்றார்.

"விட்டேன்."

கயிற்றின் பள்ளம் மெல்ல மேலெழுந்து சமமாயிற்று. பிள்ளை பின்வாசல் வழியே போனார். தலைவர் எட்டிப் பார்த்தார். ஈரச் சாம்பல் மூடிய தரையில் அடிச்சுவடு ஒன்றும் இல்லை.

அடுத்து ஒரு மூதாட்டி. வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். பின்வாசல்வரை போனாள், திரும்பி வந்து மறுபடியும் திறந்தாள்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான் வந்து வந்து போறாக" என்று இசக்கியம்மாள் தணிந்த குரலில் சொன்னாள். "இன்னைக்குச் சொல்லிருவாக போல."

மூதாட்டி சொன்னாள். போனாள்.

பிறகு ஒரு பெண் வந்தாள். காலை ஊன்றுவதே ஒரு சுவைபோல, ஒவ்வோர் அடியாக மெதுவாக வந்தாள். யார் பெற்ற பிள்ளையோ என்று தலைவர் இரங்கினார். அவள் உயரத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை. விளக்கின் பக்கம் அவள் முகம் திரும்பியபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

"வடிவு."

அவள் திரும்பவில்லை.

"கூப்பிடாதீங்கய்யா. கேக்காது" என்றாள் இசக்கியம்மாள். "அவுகவுக சாமானும் கடைக்காரியுந்தான் அவுக கண்ணுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்கு நான் மட்டுந்தான் தெரியுறேன். தெனமும் வருது, பாவம். அது சாமான் எதுவும் என் கடைல இல்ல. தேடிப்புட்டு வந்த வழியே போயிரும். யாரு வீட்டுல எதப் பிடிச்சு வச்சிருக்காகளோ."

வடிவு ஒவ்வொரு பொருளாகக் குனிந்து பார்த்தாள். கட்டில்களுக்கு இடையே, பீரோக்களுக்குப் பின்னே. கடைசி மூலைவரை போனாள். பின்வாசலின் அருகே சற்று நின்றாள், அதைக் கடக்கவில்லை. முன்வாசல் வழியாகவே புகைக்குள் திரும்பிப் போனாள்.

தலைவர் தரையில் அமர்ந்துவிட்டார்.

"நாளையே மன்றத்தைக் கூட்டுகிறேன், சாமி. விதியைத் திரும்பப் பெறுகிறேன். கட்டணத்தையும்."

"பெற்றால் கடை பிழைக்கும்."

"வடிவு?"

"அவள் உம் மன்றத்தைத் தேடவில்லையே" என்றார் தம்பிரான்.

ஆவுடையப்பர் எழுந்து போனார். பூட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வெயில் சாய்ந்த பொழுதில், கடைத்தெருவின் நடுவே தலைவர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் மனைவி கோமதியம்மாள் உடன் நடந்தாள். ஆளில்லாத நாற்காலியைக் கண்டு வண்டிகள் தாமே ஒதுங்கின. கிடங்கு வாயிலில் எடைமேடைக் காவலர் எழுந்து நின்றார்.

"தலைவரய்யாவுக்கு என்ன எடை? அப்படியே உள்ள கொண்டு போங்க."

"கொட்ட வரவில்லை" என்றார் தலைவர்.

தம்பிரான் கடையில் முன்னமே இருந்தார். நாற்காலியை நடுவே நிறுத்தினார்கள். அதன் கைப்பிடியைத் தொட வந்த இசக்கியம்மாள் தொடாமல் கையை இழுத்துக்கொண்டு, விளக்கை ஏற்றப் போனாள்.

நாய் ஒதுங்கியது. வடிவு வந்தாள்.

இம்முறை அவள் தேடவில்லை, நாற்காலியைக் கண்டுகொண்டாள். அதன் முன் வந்து நின்றாள். கோமதியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மகள் தன்னைவிட உயரம் என்பதை அவளும் அப்போதுதான் அறிந்தாள்.

வடிவு நாற்காலியை வெகுநேரம் பார்த்தாள். சுற்றி வந்தாள். பிறகு இசக்கியம்மாளிடம் பேசினாள்.

"இது என்னோடது இல்லக்கா."

"நல்லாப் பாரு தாயி. ஒனக்குன்னுதான் கொண்டாந்திருக்காக."

"என்னோடதா இருந்துச்சு. நான் எந்திரிச்சு ரொம்ப நாளாச்சு." அவள் இருக்கையை நோக்கிக் குனிந்தாள், அங்கே எவரோ அமர்ந்திருக்க, அவர் முகத்தைப் பார்ப்பதுபோல. "அப்பாதான் இன்னும் எந்திரிக்கல."

கோமதியம்மாள் தம்பிரானிடம் சொன்னாள், கணவரைப் பாராமல். "ராவெல்லாம் அதுலதான் இருக்காக, சாமி. காலக்கூடத் தரையில வைக்கிறதில்ல. நான் யார்ட்டயும் சொல்லல."

தலைவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, இதற்கு உரியவர் யார்?"

"பூட்டோடு வந்து கேட்டீரே, அதே கேள்வி."

"நான் உயிரோடு இருப்பவன். நான் சொன்னால் செல்லுமா?"

"நீர் எழுதிய விதியில் இறந்தவர் என்ற சொல்லே இல்லை. உரியவர் என்றுதான் இருக்கிறது."

வடிவு பின்வாசலின் படியில் போய் நின்றாள். அவளுக்கு அப்பால் எரிந்தடங்கிய சிதையொன்றின் செம்மை மங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் இந்தப் பக்கம் இருந்தது. ஆனால் அவள் தந்தையைப் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு அங்கே தந்தை இல்லை.

"நான் அந்தச் சொல்லைச் சொன்னால் அவள் போய்விடுவாள், சாமி."

"இத்தனை நாளும் சொல்லாமல்தானே வைத்திருந்தீர். ஒருநாளாவது உம் வீட்டுக்கு வந்தாளா?"

ஆவுடையப்பர் எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உரியவர் நிற்கவேண்டிய இடத்தில், நாற்காலியின் முன், போய் நின்றார். அவர் உதடுகள் பிரிந்தன. ஓசை வரவில்லை.

வடிவு படியில் காத்திருந்தாள்.

இதைக் கேட்டவர் எவராயினும் அவர் மனையில் விளக்குக் குறையாதிருக்கட்டும். அவரைப் பிரிந்து முன்னே சென்றவர்களின் வழியிலும் ஒளி இருக்கட்டும். எல்லாம் வல்ல பெருமான் இருசாராரையும் காத்தருள்க.