பூவரசு முழுங்குன வெத்தலை

அந்தக் காலத்துல ஒரு தீவுல செடிகொடிக்கெல்லாம் வாய் இருந்துச்சு. அதுலயும் அந்தத் தீவுலயே பெரிய வாய் பூவரசுக்கு. கப்பல் யாவாரி மரைக்காயர் வீட்டு வாசல்ல நிக்கிறவனாச்சே, சும்மாவா? போறவன் வர்றவன் எல்லாம் தன்னைப் பாக்கத்தான் வர்றான்னு அவனுக்கு நெனப்பு. அப்ப அவன் பூவு சுத்த மஞ்சள், ஒரு பொட்டுக் கறை கிடையாது.

ஒருநாள் கப்பல்லேர்ந்து காகிதப்பூன்னு ஒருத்தி எறங்கி வந்தா. உடம்பெல்லாம் முள்ளு, மேல மட்டும் ரோசாக்கலர் மினுக்கு.

"வா தாயி, வெத்தலை போடு"ன்னான் பூவரசு. யார் வந்தாலும் வெத்தலை குடுக்கணும், வெத்தலை போட்டுக்கிட்டுப் பேசுன பேச்சு மாறக்கூடாது. அங்க அதுதான் வழக்கம். அவளுக்கு ஒண்ணு மடிச்சுக் குடுத்துட்டு, தான் நாலஞ்ச ஒண்ணா அதக்கிக்கிட்டான்.

கொஞ்ச நேரத்துல வாய் நெறையச் சாறு. துப்பலாம்னு குனிஞ்சா, கீழ மணல்ல அடப்பங்கொடி கைகால நீட்டிப் படுத்திருக்கா.

"என் மேல ஒரு சொட்டு விழட்டும், அப்பறம் இருக்கு ஒனக்கு"ன்னா.

வாய மூடிக்கிட்டு நிமிந்தான்.

"அண்ணே, கப்பல்ல குந்தி வந்ததுல இடுப்பு விட்டுப்போச்சு. இங்கன கொஞ்சம் சாஞ்சுக்கவா?"ன்னா காகிதப்பூ.

"ம்ம்."

"சொவத்து மேல ஒரு கையப் போட்டுக்கவா?"

"ம்ம்."

"ஒத்தையா நின்னு காயுறீங்களே. இந்த வாசல இனி நானே பாத்துக்கறேனே?"

வாசலையே கேக்குறாளேன்னு பூவரசு முழிச்சான். வேணாம்னு வாயத் தொறந்தா அடப்பங்கொடிக்கு அபிஷேகம். சரி, தலைய ஆட்டி மறுப்போம்னா, அந்த நேரம் பாத்துக் கடக்காத்து அடிச்சு தலை முன்னயும் பின்னயும் ஆடுது.

"அக்கா, பாத்தீங்கல்ல? சரின்னுட்டாரு."

"பாத்தேன் பாத்தேன்"ன்னா அடப்பங்கொடி. "நல்லாவே ஆட்டுனான்."

பூவரசு அவ்வளவு சாறையும் ஒரே மடக்கா முழுங்கிட்டு, "அடியே, நான் எப்ப சரின்னு சொன்னேன்?"னு கேட்டான்.

"வெத்தலை போட்டுக்கிட்டுத்தான் சொன்னீங்க"ன்னு சொல்லிட்டு, காகிதப்பூ அவ பாட்டுக்குச் சொவத்துல ஏறிட்டா.

பேசுன பேச்சாச்சே. மொணங்கிக்கிட்டே உப்பங்கழி ஓரமா போய் நின்னான் பூவரசு. முழுங்குன சாறு மட்டும் தொண்டையிலயே தங்கிருச்சு.

அன்னைலேர்ந்துதான் காகிதப்பூ வீட்டுவாசல்ல சிலுப்பிக்கிட்டு நிக்கிறா, பூவரசு கழியோரம் கிடக்கான். காலையில அவன் பூவப் பாருங்க, மஞ்சளாத்தான் பூக்கும், உள்தொண்டையில மட்டும் வெத்தலைக்கறை. பொழுது சாயச்சாய, கைவிட்டுப் போன வாசல நெனச்சு நெனச்சு மொகமெல்லாம் செவந்து, பொத்துன்னு விழுந்துரும்.