குப்பியில் தங்கிய மருந்து

“இது எந்த மருந்துன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க மேடம்.”

தணிகாசலம் ஒரு கண்ணாடிக் குப்பியோடு மேபலின் வீட்டு வாசலில் நின்றார். மேடு ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

அந்த மலையூர் ரைபிள் கிளப்பில், சுட்ட தோட்டாக் கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்பக் கற்றுத்தருபவர் மேபல். சீடர் தணிகாசலம் குருவைவிட வயதில் மூத்தவர். ஓய்வு பெற்றபின் பிடித்துக்கொண்ட ஆசை. லேசில் விடவில்லை.

மேபல் கதவைத் திறந்தபோது கையில் சின்னப் புனல் இருந்தது. உள்ளே மேஜைமேல் ஒரு மரத்தட்டு. அதன் குழிகளில் பித்தளைக் கூடுகள் வரிசையாக நின்றன. நாளைய போட்டிக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து வந்திருந்தார்.

“என்ன ஆச்சு சார்?”

“நேத்து சாயங்காலம் குப்பியில ஊத்தி வச்சேன். ஒரே அசதி. அப்படியே போட்டுட்டுப் படுத்துட்டேன். காலையில பார்த்தா மேஜைமேல ரெண்டு டப்பா திறந்து கிடக்கு. எதுல இருந்து ஊத்துனேன்னு ஞாபகம் இல்ல.”

“மேஜைமேல ஒரு டப்பாதானே இருக்கணும்?”

“ஆமா.”

“வேலை முடிஞ்சதும் மருந்து திரும்ப டப்பாவுக்குப் போகணும்.”

“ஆமா மேடம். போகல.”

மேபல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கருகிய கசகசா மாதிரி இருந்தது. ஒரு டப்பாவில் இருப்பது மெதுவாக எரியும். மற்றது சட்டென்று எரியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டுச் சுட்டால், துப்பாக்கி சுடுகிறவரின் கன்னத்தருகே வெடிக்கும்.

“மெதுவா எரியறதுதான். முக்கால்வாசி நிச்சயம்” என்றார் தணிகாசலம்.

“மிச்சக் கால்வாசிக்கு எந்தக் கண்ணைக் குடுக்கறதா இருக்கீங்க?”

“டப்பா ரெண்டுலயும் அடியில கொஞ்சந்தான் இருக்கு. இதைக் கொட்டிட்டா நாளைக்கு நான் சுட முடியாது. புது டப்பாவுக்கு அனுமதி வர மாசக்கணக்கா ஆகும். அடுத்த வருஷம் இந்தத் தோள் தாங்காது மேடம். எனக்கு இதான் கடைசிப் போட்டி” என்றார்.

மேபலுக்குப் பாவமாக இருந்தது.

“உங்க மருந்துல கொஞ்சம்...”

“அது என் துப்பாக்கிக்கு உள்ளது. உங்களுதுக்கு ஆகாது.”

“இத்தனை வருஷமா செய்யறீங்க. பார்த்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“ஒரு ஊகம் இருக்கு.”

“அதைச் சொல்லுங்க, போதும்.”

“களைப்பா இருக்கு சார். களைப்புல ஊகம் சொல்ல மாட்டேன்” என்று மேபல் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

மேஜைக்குப் போனார். தணிகாசலமும் பின்னாலேயே போனார்.

மேபல் தட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முதல் கூட்டை எடுத்து, அதிலிருந்த மருந்தைத் தன் டப்பாவிலேயே திரும்பக் கொட்டினார். அடுத்ததையும் கொட்டினார். அதற்கடுத்ததையும்.

“ஐயோ, ஏன் கொட்டறீங்க? எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?”

“இருந்திருக்கும்.”

“எதுவரைக்கும் ஊத்தியிருந்தீங்க?”

“தெரியல. கதவு தட்டற சத்தம் கேட்டுச்சு. எழுந்துட்டேன். ஒரே கூட்டுல ரெண்டு தடவை விழுந்தாலும் வெடிக்கும்.”

“உள்ள எட்டிப் பார்த்தா தெரியாதா?”

“ஊத்தி முடிச்சப்புறம் எப்பவும் பார்ப்பேன். அது ரெண்டாவது சோதனை; முதல் கணக்கு தவறினா அதை மட்டும் நம்ப மாட்டேன்.”

காலையிலிருந்து செய்த வேலை முழுவதும் டப்பாவுக்குள் போனது. மேபல் புனலைத் துடைத்தார். கண்களைக் கசக்கிக்கொண்டார். உட்கார்ந்து, காலிக் கூடுகளில் முதலாவதை எடுத்தார்.

தணிகாசலம் வெளியே வந்து சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

படியோரம் ரோஜாத் தொட்டிகள் இருந்தன. சந்தேகப்பட்ட மருந்தைச் செடிக்கு உரமாகப் போட்டுவிடுவது அந்தக் கிளப்பின் வழக்கம். குருவின் ரோஜாக்கள் ஏன் இப்படிப் பூத்துக் குலுங்குகின்றன என்று அவர் இதுவரை யோசித்ததே இல்லை.

குனிந்து, குப்பியைத் தொட்டியில் கவிழ்த்தார். அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு மண்ணைக் கிளறிவிட்டார்.

வீட்டுக்குப் போகவில்லை. படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கூரியர்காரர் பார்சலோடு படியேறி வந்து, கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

தணிகாசலம் பாய்ந்து எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.