ஒரு முரசுக்கு மூன்று எஜமானர்கள்

எந்தக் காலமோ தெரியாது, அந்தக் காலத்தில் நெடுவயல் சீமையை மருதவாணர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. அவருடைய கோட்டையில் போர்முரசு கொட்டுகிறவள் பூவாயி. புருஷன் போனபின் அவள் கைக்கு வந்த வேலை. அன்றைக்கு அவள் சபை நடுவில் நின்றாள். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டால் தலை போய்விடும்.

நடந்தது இதுதான். முந்தின நாள் காலை எதிரிகளின் குதிரைகள் ஆற்றைத் தாண்டின. படையைக் கிழக்கு வாசலுக்கு அழைக்கும் தாளத்தைக் கொட்டச் சொன்னார் சேனாபதி வீரகண்டர். கொட்டினாள். ராஜாவின் மைத்துனர் கோதண்டராயருக்குச் சேனாபதி பெயரைக் கேட்டாலே ஆகாது. படை அரண்மனையைச் சுற்றி நிற்கட்டும், அதற்கான தாளத்தைக் கொட்டு என்று ஆள் அனுப்பினார். அதையும் கொட்டினாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ராஜா, காது குடைகிறது, நிறுத்து என்று சொல்லியனுப்பினார். நிறுத்தினாள். வீரர்கள் பாதித் தெருவில் ஒருவர்மேல் ஒருவர் முட்டி விழுந்தார்கள். எதிரிகள் பட்டி மாடுகளைச் சாவகாசமாக ஓட்டிக்கொண்டு போனார்கள்.

குற்றமெல்லாம் முரசுக்காரியுடையது, அவள் தலையை வாங்க வேண்டும் என்றார் கோதண்டராயர்.

பூவாயி கைகூப்பினாள். "எனக்கு விவரமாகப் பேச வராது சாமி. மகாராஜா ஒரு தரம் பல்லக்கில் ஏறினால் போதும். நேற்று எனக்கு உத்தரவு போட்டவர்கள், இன்று பல்லக்குத் தூக்கிகளுக்குப் போடட்டும்."

ராஜாவுக்கு விளையாட்டென்றால் உயிர். ஏறி உட்கார்ந்தார். சேனாபதி கிழக்கே என்றார். முன்னால் தூக்கியவர்கள் கிழக்கே திரும்பினார்கள். மைத்துனர் விடுவாரா? மேற்கே என்றார். பின்னால் தூக்கியவர்கள் மேற்கே இழுத்தார்கள். உள்ளேயிருந்து ராஜா இறக்கச் சொன்னார். ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் இறங்கவில்லை. கிரீடம் ஒரு திசையும் தாம் ஒரு திசையுமாக ராஜா சபையில் உருண்டார்.

இந்தத் தூக்கிகளின் தலைகளையும் வாங்க வேண்டும் என்றார் கோதண்டராயர்.

ராஜா உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். "மைத்துனரே, இப்படியே போனால் நாட்டில் தலையோடு மிஞ்சுவது நீர் ஒருவர்தான்."

அங்கேயே உத்தரவானது. சண்டையா சமாதானமா என்று எல்லாரும் யோசனை சொல்லலாம், முடிவு ராஜாவுடையது. முடிவானபின் படையை நடத்துவது சேனாபதி மட்டும். மைத்துனருக்கு அரண்மனைக் காவல், அதுவும் சேனாபதியின் சொல்லுக்கு அடங்கி.

பூவாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"மகாராஜா வேட்டைக்குப் போயிருந்தால்?"

"சேனாபதி சொன்னால் கொட்டு."

"அவரும் கூடவே போயிருந்தால்?"

ராஜா கிரீடத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். இனி இருவரும் ஒரே நேரத்தில் கோட்டையை விட்டுப் போவதில்லை என்று அதையும் உத்தரவில் சேர்க்கச் சொன்னார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

அன்று முதல், யார் உத்தரவு கொண்டுவந்தாலும் பூவாயி வாசல் காவலர் இருவரைக் கூப்பிடுவாள். அவர்கள் சாட்சியாகக் கேட்க, வந்தவர் உத்தரவை ஒரு தரம் உரக்கச் சொன்னபிறகுதான் முரசுக் கோலைத் தொடுவாள். மறுவாரம் ராஜாவே நேரில் வந்து கொட்டச் சொன்னார். அவரையும் சொல்ல வைத்தபிறகுதான் கொட்டினாள்.