மரணக் காரணம்

அஞ்சல் துறை வேலையை உதறிவிட்டு இறையியல் கல்லூரியில் சேர்ந்தபோது ஞானாபரணத்துக்கு வயது நாற்பத்தெட்டு. பாடம் நடத்திய தபித்தாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். என்றாலும் வாய் நிறைய ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

அன்று வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

“என்ன, பெஞ்சு ஒட்டிக்கிச்சா?” என்றார் தபித்தாள்.

“படிப்பை நிறுத்திரலாம்னு இருக்கேம்மா. சட்டம் படிக்கப் போறேன்.”

“ஏன்?”

சொன்னார். இறுதியாண்டு என்பதால் ஒரு சபையில் ஊழியம் பழகிக்கொண்டிருந்தார். போன மாதம் அங்கே எலியாசர் என்ற துப்புரவுத் தொழிலாளியை அவசர அவசரமாக அடக்கம் செய்யச் சொன்னார்கள். செய்தார். சபையின் அடக்கப் பதிவேட்டில் மரணக் காரணம் என்ற கட்டத்தில் ‘தேவசித்தம்’ என்று எழுதினார். யார் செத்தாலும் அங்கே அப்படித்தான் எழுதுவது. முந்தைய பக்கம் முழுக்க அதே சொல்தான்.

இப்போது எலியாசரின் மனைவி மரகதம் புகார் கொடுத்திருக்கிறாள். கல்யாண மண்டபத்துக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கித்தான் அவரைச் சாகடித்தார்கள் என்கிறாள். மண்டபத்துக்காரர் சபைக் கமிட்டியின் செயலாளர். இயற்கைச் சாவு என்று சாதிக்கிறார். ஆதாரம் கேட்ட போலீசிடம் பதிவேட்டின் நகலை நீட்டிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை.

“அந்தம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. ‘அய்யா, ஆண்டவரா எங்க வீட்டுக்காரரை உள்ள இறக்குனாரு?’ இந்தப் படிப்பை வச்சு நான் என்னம்மா பண்ண? ஒரு வக்கீலா இருந்தாலாவது…”

தபித்தாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க.”

மண்டபத்தில் யார் வீட்டுக் கல்யாணமோ. மைக்கில் யாரோ மணமக்களை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்கள். கொல்லைப்புறத்தில் சமையல்காரர்கள் அண்டா கழுவினார்கள். தொட்டியின் மூடியில் புதுச் சிமெண்டு பூசியிருந்தது. தோளைக் குறுக்கினால்தான் ஓர் ஆள் உள்ளே போக முடியும், அவ்வளவுதான் அகலம்.

“இது பக்கத்துல நின்னு, எழுதினதைச் சொல்லுங்க.”

“தேவ…” என்று தொடங்கிய ஞானாபரணம் மூடியை விட்டு ஓரடி நகர்ந்தார்.

“சவப்பெட்டியை மூடும்போதே அவர் எப்படிச் செத்தார்னு உங்களுக்குத் தெரியுமா?”

சமையல்காரர் ஒருவர் அண்டாத் தண்ணீரைக் கவிழ்த்தார். அது மூடியைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

“உடம்பு மேல சென்ட்டைப் பாட்டில் பாட்டிலா ஊத்தியிருந்தாங்கம்மா. அதையும் மீறி நாத்தம் வந்துச்சு. காதுக்குள்ள சேறு இருந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் எழுதினேன்.”

“வெள்ளிக்கிழமை விசாரணை. அங்க போய் இதைச் சொல்லிருங்க.”

“சொன்னா எனக்குக் குருப்பட்டம் கிடைக்காது. செயலாளர் விடமாட்டாரு.”

“கிடைக்காதுதான்.”

“வேலையும் போச்சு, பட்டமும் போச்சுன்னு நிக்கணும். மூணு வருசத்துல சட்டம் படிச்சுட்டு வந்து அந்தம்மாவுக்காக வாதாடினா ஆகாதாம்மா?”

“சட்டம் பேச யாராவது வருவாங்க,” என்றார் தபித்தாள். “ஆண்டவர் மேல கொலைப்பழி எழுதினவர் நீங்க. அதை எடுக்க வேற யாரு வருவா?”